இடத்தோள் துவக்கு

யாக்கோப்பு நாற்பத்தெட்டு வயதுவரை ஒரு துவக்கையும் தொட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் லண்டனில் அவனைத் தெரிந்த அத்தனை பேரும் இதற்கு நேர்மாறாகத்தான் நம்பியிருந்தார்கள். சட்டன் மாதா கோயில் சனம், மோர்டனில் அவனுடைய முட்டையை வாங்கி விற்கும் கடைக்காரர், பத்தொன்பது வருடம் அவனோடு குடித்தனம் நடத்திய இம்மாகுலேற் என்று எல்லாருக்கும் அவன் இயக்கத்தில் துவக்குத் தூக்கி, பிறகு ஓடித் தப்பி வந்தவன். இப்போது வெளியூரில் படிக்கும் மகள் அஜித்தா முன்பு பள்ளிக்கூடத்தில் ‘என் அப்பா’ என்று கட்டுரை வாசித்தபோது மண்டபம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. யாக்கோப்பு பின்வரிசையில் இருந்து சப்பாத்து நாடாவைத் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தான்.

அப்படிப்பட்டவனுக்கு அந்த வயதில் உண்மையிலேயே ஒரு துவக்குத் தேவைப்பட்டது. நரிக்கு.

சட்டனுக்குத் தெற்கே, வீடுகள் முடிந்து வெள்ளைச் சுண்ணாம்புச் சரிவுகள் தொடங்கும் இடத்தில் ஆறு ஏக்கர் காணியைக் குத்தகைக்கு எடுத்து நானூறு கோழி வளர்த்தான். பதினாறு வருடம் பெற்றோல் ஷெட்டிலும் பண்டகசாலையிலும் ஷிப்ட் அடித்துச் சேர்த்தது முழுவதும் அந்தக் கோழிகளில்தான் இருந்தது. லண்டன் நரிக்கோ மனிதர்மேல் ஒரு மரியாதையும் கிடையாது. குப்பைத் தொட்டியைக் கிண்டும், வாசலில் படுத்து வெயில் காயும், பஸ் தரிப்பில் பயணியைப் போல நிற்கும். போன பங்குனியில் ஒரு காலை ஆறரைக்கு யாக்கோப்பு கூட்டைத் திறக்கப் போனபோது அறுபத்தொரு கோழி செத்துக் கிடந்தன. நரி தின்றது ஒன்று. மற்ற அறுபதையும் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டு, சரிவின் நடுவே உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கல்லெடுத்து எறிந்தான். அது எழும்பவே இல்லை. கல் எங்கே விழுகிறது என்று தலையைத் திருப்பிப் பார்த்தது, அவ்வளவுதான்.

மின்கம்பி வேலி போட்டான். கம்பியை நிலத்துக்குள் முழ ஆழத்துக்குப் புதைத்தான். ரேடியோவைப் பாட விட்டான். நரிக்குப் பாட்டுப் பிடித்திருந்தது போலிருக்கிறது, மே மாதத்தில் இன்னும் நாற்பது போயிற்று. சுடுவதற்கென்று அனுமதி வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் இரண்டு தரம் வந்தார், பிறகு வேல்ஸுக்கு வீடு மாறிப் போய்விட்டார். இன்னொரு தரம் இப்படி நடந்தால் அடுத்த வருடம் குத்தகையைப் புதுப்பிக்க ஏலாது என்று யாக்கோப்புக்குத் தெரியும். அவனே துவக்கு எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

துவக்குக் கடை சரே பக்கம், ஒரு பண்ணைக்குப் பின்னால் இருந்தது. கடைக்காரர் கீத், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசையெல்லாம் தேடுகிற மனிதர். அவர் முதலில் கேட்டது துவக்கைப் பற்றி அல்ல. நரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டார். யாக்கோப்புக்கு விளங்கவில்லை. கீத் ஒரு தாளை எடுத்து வைத்துக் காணியை வரையச் சொன்னார். வீடுகள் எந்தப் பக்கம், நாய் நடத்துகிறவர்களின் பாதை எந்தப் பக்கம், சரிவு எங்கே ஏறுகிறது? குறி தவறிய குண்டு எங்கே போய் நிற்கும் என்று தெரியாதவன் விசையில் விரலே வைக்கக் கூடாது என்றார். யாக்கோப்பு வரைந்தான். வடக்கே வீடுகள். தெற்கே இரண்டாள் உயரத்துக்கு எழும்பும் வெள்ளை மண் சரிவு. “அந்தச் சரிவுதான் உங்கள் நண்பன்,” என்றார் கீத். “அதைப் பார்த்து மட்டும் சுடுங்கள். முடியுமானால் ஓர் உயரமான இருக்கை கட்டி, அதிலிருந்து கீழ்நோக்கிச் சுடுங்கள்.”

அதன் பிறகுதான் சாமான்களுக்கு வந்தார். இருபத்திரண்டு என்று எல்லாரும் சொல்லுகிற சின்னக் குண்டு முயலுக்குக் காணும், நரிக்கு மிகவும் கிட்டப் போக வேண்டும். அதோடு யாக்கோப்பின் காணி முழுக்கச் சக்கிமுக்கிக்கல். மெதுவாகப் போகும் ஈயக் குண்டு கல்லில் பட்டால் உடையாது, எகிறிக்கொண்டு போய் யாருடைய சமையலறைக்குள்ளாவது விழும். இருநூற்று நாற்பத்துமூன்று என்கிற பெரிய குண்டு மானுக்குச் சரி, கோழிப்பண்ணைக்கு அது பெரிய ஆட்டம். நடுவில் இருப்பது இருநூற்று இருபத்துமூன்று. பாரம் குறைந்த குண்டு, கடும் வேகம், மண்ணில் பட்டதும் பொடியாகிவிடும். குழாய் கட்டையாக இருக்கட்டும், முனையில் சத்தத்தை அமத்தும் மொடறேற்றர் இருக்கட்டும், இல்லாவிட்டால் கோழி முட்டை போடாது, பக்கத்து வீட்டுக்காரி கவுன்சிலுக்குப் போன் எடுப்பாள். தொலைநோக்கி பெரிதாக வேண்டாம். ஆனால் உடம்புச் சூட்டைக் காட்டும் ஒரு கைக்கருவி கட்டாயம், புதருக்குள் இருப்பது நரியா, ஆருடையவோ பூனையா என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, நீளம் பார்ப்பதற்கு ஒரு துவக்கை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

அடுத்து நடந்ததை யாக்கோப்பு எத்தனையோ நாள் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறான். அவன் யோசிக்கவில்லை. கைகள் தாமாகவே துவக்கைத் திருப்பின. அதன் பின்கட்டை தோளின் குழிக்குள் போய் உட்கார்ந்தது, கன்னம் மரத்தில் ஒட்டியது, முழங்கை விலாவோடு சேர்ந்தது, மூச்சுப் பாதி போய் நின்றது.

“இதை எங்கே பழகினீர்கள்?” என்றார் கீத் மெதுவாக. பிறகு கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு, “இடக்கைக்காரரா? முதலிலேயே சொல்லியிருக்கலாமே. குண்டேற்றும் பூட்டு இடப்பக்கம் வைத்த துவக்கு என்றால் ஆர்டர் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்,” என்றார்.

யாக்கோப்பு குனிந்து பார்த்தான். துவக்கு அவனுடைய இடத்தோளில் இருந்தது. அவன் வலக்கையால் சாப்பிடுகிறவன், வலக்கையால் எழுதுகிறவன், வலக்கையால் சிலுவை போடுகிறவன். துவக்கை மேசையில் வைத்துவிட்டு, கழிப்பறை எங்கே என்று கேட்டுப் போய், முகத்தைக் கழுவிக்கொண்டு நெடுநேரம் நின்றான். இடக்கைக்காரன் அவன் அல்ல, கிளின்ரன்.

அது இரண்டாயிரத்தோராம் ஆண்டு தை மாதம். கீவ் நகரத்து ஓரத்தில் ஒன்பதாம் மாடியில் ஒரே அறையில் பதினொரு தமிழரை, கள்ள வழியில் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் அடைத்து வைத்திருந்தான். யாக்கோப்பு குருநகரில் ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்தவன். பக்கத்துப் பாய் கிளின்ரனுடையது. மன்னார் வங்காலைப் பெடியன், வயது இருபத்திரண்டு, வாய் ஓயாதவன். இயக்கம் அவனைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பயிற்சி கொடுத்தது, தான் ஐந்து மாதம் நின்றது, காய்ச்சல் நேரம் கட்டிலால் இறங்கி ஓடியது எல்லாவற்றையும் நாளும் திகதியும் பிசகாமல் சொல்லுவான். வெளியே போக விடாத ஆறு கிழமை. பொழுது போக வேண்டுமே. நிலம் துடைக்கிற தடியை எடுத்துப் பக்கத்தில் குந்திக்கொண்டு, “அண்ணை, இஞ்ச பாருங்கோ, இப்பிடித்தான். கன்னத்தை ஒட்டுங்கோ. மூச்சைப் பாதி விட்டிட்டு நிப்பாட்டுங்கோ,” என்பான். யாக்கோப்பு சிரித்துக்கொண்டே பழகினான். கிளின்ரன் இடத்தோளில் வைத்தபடியால் இவனும் இடத்தோளில் வைத்தான். விளையாட்டுத்தானே.

மாசியில் எல்லையைக் கடக்கக் காட்டுக்குள் விட்டார்கள். வழிகாட்டி இரண்டாம் நாளே காணாமல் போனான். கிளின்ரனுக்குச் சப்பாத்து ஒன்று கிழிந்து, கால் மரத்து, காய்ச்சல் பிடித்தது. ஒரு விடியற்காலை அவன் ஒரு மரத்தில் சாய்ந்து இருந்துகொண்டு, “அண்ணை, நீங்கள் நடவுங்கோ, நான் வாறன்,” என்றான். யாக்கோப்பு நடந்தான். கொஞ்சத் தூரம் போய் மனம் கேளாமல் திரும்பி வந்தபோது கிளின்ரன் அப்படியே இருந்தான், கண்ணிமையில் பனி கரையாமல் இருந்தது. கொப்புகளை முறித்து மூடிவிட்டு, ஒரு பரலோக மந்திரச் செபத்தைப் பாதியில் மறந்து, மற்றவர்களைப் பிடிக்க ஓடினான்.

லண்டனில் அகதிக் கேஸ் எழுதும் சொலிசிற்றரின் மொழிபெயர்ப்பாளர் அவன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பேனையை மூடினார். “தம்பி, உம்மட கதை காணாது. ஷெல்லடி எல்லாருக்கும்தான். இதை எழுதினால் அடுத்த பிளேனில ஏத்தி அனுப்புவினம். வேற ஒண்டும் நடக்கேல்லையோ?”

வேறு ஒன்றும் நடக்கவில்லை. “என்னை இயக்கம் பிடிச்சது,” என்று தொடங்கினான் யாக்கோப்பு. கிளின்ரன் சொன்ன ஒரு திகதியும் பிசகவில்லை. நேர்முகத்தில் அதிகாரி துவக்கை எப்படிப் பிடித்தாய், காட்டு என்றபோது இடத்தோளில் வைத்துக் காட்டினான். நீ வலக்கையால் அல்லவா கையெழுத்துப் போட்டாய் என்று அவர் கேட்டார். அப்படித்தான் பழக்கினார்கள் என்றான். அதையும் எழுதிக்கொண்டார்கள். விசா வந்தது, பிறகு பாஸ்போட் வந்தது.

கனவும் வந்தது. கதையை எடுத்தால் அதோடு சேர்ந்து என்னென்ன வரும் என்று அந்த மொழிபெயர்ப்பாளர் சொல்லவில்லை. யாக்கோப்பு ஒருநாளும் பார்த்திராத பயிற்சி முகாமின் விசில் அவன் தூக்கத்தில் கேட்டது. ஒருநாளும் போட்டிராத சப்பாத்து அவன் காலைக் கடித்தது. அவன் தோளில் ஒருநாளும் படாத துவக்கு உதைத்து உதைத்து அந்த இடம் விடியும்போது உண்மையிலேயே நோகும். முதல் வருடங்களில் இது களைப்பு என்று நினைத்தான். பிறகு நினைப்பதையே விட்டுவிட்டான். கிளின்ரன் சொன்னபடி வந்துவிட்டான் என்று மட்டும் அவனுக்குத் தெரியும். ஆரிடம் போய்ச் சொல்லுவது? விசா கிடைக்கும்வரை பயம், பிறகு பாஸ்போட்வரை பயம், கலியாணம் கட்டியபிறகு இம்மாகுலேற் என்ன நினைப்பாள் என்று பயம். கடைசியில் பயமே பழகிப்போயிற்று.

இப்போது துவக்கு விண்ணப்பம். இந்த நாட்டில் நரி சுடும் துவக்கைக் கடையில் போய்க் காசு கொடுத்து வாங்கிவிட ஏலாது. பொலிசுக்குப் போர்ம் நிரப்ப வேண்டும், இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும், டொக்டர் எழுத வேண்டும், பொலிஸ் அலுவலர் வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்து, ஆளைப் பார்த்து, வீட்டுக்காரியிடமும் பேசுவார். முன்னர் துவக்குப் பிடித்த அனுபவம் உண்டா என்ற கேள்வி கட்டாயம் வரும். ‘உண்டு’ என்றால் துவக்குக் கிடைக்காது. ‘இல்லை’ என்றால் அவனுடைய பழைய கோப்பு பொய். அது தெரியவந்தால் பாஸ்போட்டே போய்விடலாம். யாக்கோப்பு எத்தனையோ தரம் அந்தப் போர்மைக் கிழிக்கக் கையெடுத்தான். ஒவ்வொரு தரமும் கோழிகளின் சத்தம் கேட்டு மடித்து வைத்தான், கடைசியில் அனுப்பிவிட்டான்.

ஆனால் வலத்தோளில் பிடித்துப் பழகிவிட்டால் ஒருவேளை எல்லாம் சரியாகிவிடும் என்று அர்த்தமில்லாத ஒரு விசர் எண்ணம் அவனுக்கு. வியாழன் பத்து மணிக்கு அலுவலர் வருவார் என்று கடிதம் வந்திருந்தது. திங்கள் காலை முட்டை அடுக்கும் கொட்டிலில், கூட்டுகிற தும்புத்தடியை எடுத்து வலத்தோளில் வைத்தான். தடி நிற்கவில்லை, கண் மூடிக்கொண்டது. இடத்தோளுக்கு மாற்றினான். உடனே எல்லாம் அடங்கி அமைதியானது. அப்படியே அசையாமல் நின்றவனை வாசலில் நின்று இம்மாகுலேற் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வையுங்கோ அதை,” என்றாள்.

“நரிக்குத்தான், இம்மா.”

“நரிக்கெண்டு தெரியும். எனக்குத் துவக்கு வேண்டாம். உந்தக் கையில திரும்ப ஒரு துவக்கைப் பாக்க என்னால ஏலாது.” அவள் முட்டைத் தட்டை மேசையில் வைத்தாள், இரண்டு உடைந்தன. “பொலிஸ் பொம்பிளை என்னட்டையும் கேப்பாவாம். கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டன். ராவில எழும்பி அழுறார், பேர் சொல்லிக் கத்துறார், எனக்குப் பயமாய்க் கிடக்கெண்டு சொல்லுவன்.”

“என்ன பேர்?” தான் பெயர் சொல்லுவது அவனுக்குத் தெரியாது.

“வேற என்ன பேர், கிளின்ரன்தான். நீங்கள் சுட்ட ஆள். கலியாணம் கட்டின முதல் கிழமையே நீங்கள் கத்தினதைக் கேட்டனான். அண்டையில இருந்து ஒவ்வொரு நாளும் செபமாலையில பத்து மணி உருட்டி அந்தப் பெடியன்ர ஆத்துமத்துக்குத்தான் சொல்லுறன். உங்களுக்கு மன்னிப்புக் கேட்டு.”

யாக்கோப்பு தும்புத்தடியைப் பிடித்தபடி கீழே இருந்துவிட்டான். பத்தொன்பது வருடம். அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவன் செய்யாத கொலைக்கு அவள் நாள்தோறும் கிளின்ரனுக்காக மன்றாடியிருக்கிறாள். இதற்குமேல் மறைக்க அவனிடம் தெம்பு இல்லை. கீவ் அறையிலிருந்து மொழிபெயர்ப்பாளரின் மேசைவரை எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது இரண்டு மூன்று இடத்தில் ‘நான் ஓடினனான்’ என்று வாய் தவறி, ‘அவன், அவன் ஓடினவன்’ என்று திருத்த வேண்டியிருந்தது.

அவள் கடைசிவரை நின்றே கேட்டாள். பிறகு அவன் எதிர்பார்த்ததைத்தான் கேட்டாள்.

“என்னட்டையும் கேஸ்தான் எழுதினியளோ?”

அவள் முன்றானையால் மேசையில் ஓடிய முட்டைக் கருவைத் துடைக்கத் தொடங்கினாள், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். “அப்ப நீங்கள் அவனைச் சுடேல்லை,” என்றாள்.

“இல்லை.”

“அப்ப ஏன் அவன் இஞ்ச நிக்கிறான்?” அவள் கொட்டிலின் மூலையைப் பார்த்தாள். அங்கே தீன் மூட்டைகள்தான் இருந்தன. என்றாலும் யாக்கோப்பும் திரும்பிப் பார்த்தான். “செத்தவனுக்கு வீட்டில அழ ஒரு ஆளும் இல்லாட்டில் எங்க போவான்? அவனுக்குத் தாய் இருக்கோ?”

“இருந்தவ. மதலேனம்மா.”

“அவவுக்கு ஆர் சொன்னது?”

யாக்கோப்பு சொல்லவில்லை. ஒருவரும் சொல்லவில்லை.

“வியாழக்கிழமைக்கு முன்னம் அந்த மனிசிக்குப் போன் எடுங்கோ,” என்றாள் இம்மாகுலேற். “எடுத்தால், என்ர மனிசன் துவக்கே தொட்டதில்லை எண்டு மாதாமேல ஆணையாய்ப் பொலிசுக்குச் சொல்லுவன். எடுக்காட்டில் துவக்கும் இல்லை, கோழியும் இல்லை, நானும் மகளிட்டப் போறன்.”

நம்பர் எடுப்பதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை என்பதுதான் கொடுமை. சட்டன் கோயில் பாடகர் குழுவில், கிளின்ரனின் ஊரான வங்காலையைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். அவர் கண்ணில் படக் கூடாது என்றே யாக்கோப்பு பத்து வருடமாகக் கடைசிப் பாட்டுக்கு முன் எழும்பிப் போகிறவன். இம்மாகுலேற் செவ்வாய்க்கிழமை அவருக்கு ஒரு போன் எடுத்தாள். இரண்டு மணித்தியாலத்தில் நம்பர் வந்தது.

துவக்குக் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. வியாழன் பத்து மணிக்கு ஒரு பொம்பிளை அலுவலர் வந்து, சுவரில் பூட்டிய இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்தார், காணிச் சரிவைக் காலால் அளந்தார், குண்டின் பாரமும் வேகமும் கேட்டார். யாக்கோப்பு கீத் சொன்னதை ஒப்புவித்தான். முன் அனுபவம் உண்டா என்றார். “இல்லை. ஒருபோதும் இல்லை,” என்றான். இந்த நாட்டு அதிகாரி ஒருவரிடம் துவக்கைப் பற்றி அவன் சொன்ன முதல் உண்மை அது. இம்மாகுலேற் சொன்னபடியே சொன்னாள். பழைய கோப்பை ஆரும் கிண்டவில்லை, இனிக் கிண்டுவார்களோ என்ற பயம் அவனுக்கு இன்னும் உண்டு. அனுமதி நாலு மாதத்தில் வந்தது. கீத் வலக்கைத் துவக்கு ஒன்றைக் கொடுத்து, சுடும் இடத்தில் நாலு ஞாயிறு பழக்கிப் பார்த்தார். நூறு கஜ தூரத்தில் ஒரு குண்டுகூடக் குறி அட்டையில் படவில்லை. இடத்தோளுக்கு மாற்றியதும் ஐந்து குண்டும் ஒரு உள்ளங்கைக்குள் விழுந்தன. கீத் இடப்பக்கப் பூட்டுத் துவக்குக்கு ஆர்டர் எழுதினார். இப்போதும் அதுதான் அவனிடம் இருக்கிறது. காலையில், கீத் சொன்னபடி கட்டிய உயர இருக்கையில் ஏறி இருக்கும்போது பக்கத்தில் ஒருவன் குந்தியிருப்பது போலத்தான் இருக்கிறது என்று அவன் இம்மாகுலேற்றுக்கு மட்டும் சொல்லியிருக்கிறான்.

ஆனால் அலுவலர் வருவதற்கு முதல் நாள் புதன்கிழமையைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. காலை பதினொரு மணி, வங்காலையில் பின்னேரம் மூன்றரை. முட்டைக் கொட்டிலில் போனை மேசையில் வைத்து, இம்மாகுலேற் நம்பரை அமத்தினாள். யாக்கோப்பின் சேட்டு முதுகில் ஒட்டியிருந்தது.

“ஆர் கதைக்கிறது?” தளர்ந்த குரல்தான், ஆனால் பணிந்து போகிற குரல் அல்ல.

“அம்மா, நான் லண்டனில இருந்து யாக்கோப்பு. உங்கட மகன் கிளின்ரனோட ஒண்டா வெளிக்கிட்டு வந்தனான்.”

அங்கே ஆரோ குழாயைத் திறந்துவிட்டிருந்தார்கள், தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. பிறகு அது நின்றது.

“இப்ப எந்த நாட்டில இருக்கிறாராம்?” என்றாள் மதலேனம்மா. “ஜேர்மனியில வெள்ளைக்காரியைக் கட்டி இருக்கிறார், தாயின்ர பேச்சை எடுக்கவே விருப்பமில்லையாம் எண்டு ஏஜென்சிக்காரன் சொன்னவன். பிள்ளையள் இருக்கோ?”

யாக்கோப்பு இம்மாகுலேற்றைப் பார்த்தான். இப்படி ஒரு பதிலை அந்தத் தாய் இருபத்துநாலு வருடம் நம்பியிருப்பாள் என்று அவன் நினைத்ததே இல்லை. ஏஜென்சிக்காரன் தன் பேரைக் காப்பாற்றச் சொன்ன பொய், இவன் வாய் திறந்திருந்தால் ஒரு நாளில் போயிருக்கும்.

“அம்மா, அவன் வந்து சேரேல்லை. வழியில, காட்டுக்குள்ள, பனியில மோசம் போயிட்டான். நான் பக்கத்தில இருந்தனான். கொப்பு முறிச்சு மூடினனான்.”

அழுகை வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, ஏறி இறங்கி, ஏறி இறங்கி.

“அப்ப அவன் என்னை மறக்கேல்லை,” என்றாள் மதலேனம்மா.

இம்மாகுலேற் வாயைப் பொத்திக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினாள். யாக்கோப்பால் நிறுத்த முடியவில்லை. மிச்சத்தையும் சொன்னான். அவன் கதையைத்தான் என்னுடையது என்று சொன்னேன், அதில்தான் விசா, அதில்தான் வீடு, பயத்தில்தான் உங்களுக்கு அறிவிக்கவில்லை என்றான்.

“இருவத்திநாலு வருசம், தம்பி,” என்றாள் அவள். “ஒரு போன். ஊர்ச் சனம் என்னைப் பாத்துச் சிரிச்சது. நானும் என்ர பிள்ளையைத் திட்டினனான், திட்டித் திட்டிப் படுத்தனான்.” குரல் இப்போதுதான் உடைந்தது, உடனே அதை அவள் பிடித்து நிறுத்திக்கொண்டாள். “உம்மை நான் மன்னிக்கிறனோ இல்லையோ எண்டு பிறகு பாப்பம். முதல்ல நாளைச் சொல்லும்.”

“என்ன நாளம்மா?”

“அவன் செத்த நாள். ஆத்துமப் பூசைக்கு ஃபாதரிட்ட நாள் குடுக்கவேணும். கார்த்திகைக்குக் கார்த்திகை செத்தவையின்ர பேர் கேப்பார். உயிரோட இருக்கிறவனுக்கு ஆர் குடுக்கிறது எண்டு நான் குடுக்கேல்லை. இவ்வளவு காலமும் ஒரு பூசை இல்லாமல் அலைஞ்சிருக்கிறான் என்ர பிள்ளை. நாளைச் சொல்லும்.”

கிளின்ரனை இயக்கம் பிடித்த திகதி யாக்கோப்புக்குத் தெரியும். முதல் நாள் துவக்குக் கொடுத்த திகதி தெரியும், ஓடிய திகதி தெரியும். செத்த நாள் தெரியாது. கேஸுக்கு அது தேவைப்படவில்லை.

“தெரியாதம்மா,” என்றான். “காட்டுக்குள்ள நாள் ஒண்டும் விளங்கேல்லை. மாசி மாதம். விடியிற நேரம். அவ்வளவுதான் தெரியும்.” சொல்லிவிட்டுக் குழந்தையைப்போல அழுதான்.

அவள் அவன் அழுது முடியும்வரை விட்டாள்.

“நீர் லண்டனுக்கு வந்து சேர்ந்த நாள் தெரியுமோ?”

அது அவன் வீட்டில் அஜித்தா வருடாவருடம் கேக் வாங்கி வெட்டும் நாள். “மார்ச் ஒன்பது,” என்றான்.

“அப்ப அதையே குடுக்கிறன். அவனும் உம்மோட அண்டைக்குத்தான் வந்து சேர்ந்தவன் எண்டு இருக்கட்டும்.” பிறகு போனிலிருந்து முகத்தைத் திருப்பி, வீட்டுக்குள் ஆரையோ கூப்பிட்டாள். “பிள்ளை, உன்ர அண்ணன்ர நாள் மார்ச் ஒன்பது. கலண்டரில எழுதிவை.”